ஒன்பது ஜெர்மன் பொம்மைக் கார்களை என்ன செய்வது?

பீரோவைக் காலி செய்யும்போது கிடைத்த ஒன்பது பொம்மைக் கார்கள் என்ன விலை போகும், பெயின்ட் உதிர்ந்த இடத்தில் திரும்ப அடிக்கலாமா, இவற்றை வைத்து ஆரம்பித்து மேலும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஸீக்கு, ஷூக்கோவின் ஒரு சாவிக் காரும் இரண்டு பிக்கலோக்களும், ஒரு காமா, ஒரு சாம்பல் நிற லாரி என்பது உங்கள் பட்டியல். ஸீக்கு, ஷூக்கோ, காமா மூன்றும் ஜெர்மன் பொம்மைக் கம்பெனிகள். அப்பா 1960களில் சென்னை ஐஐடி பணிமனையில் வேலை பார்த்தார், ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன் பேராசிரியர் குடும்பம் இவற்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதை பொருந்துகிறது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய நிறுவனம் அது. ஆரம்ப வருடங்களில் பல ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து பாடம் நடத்தினார்கள். உங்கள் கேள்வியில் விலைதான் முதலில் நிற்கிறது. ஆனால் முழுவதும் படித்தால், இவை நிஜமாகவே பழசா, என் கையில் கெட்டுப்போகாமல் எப்படி வைத்திருப்பது என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எனக்குப் படுகிறது. அதற்கே அதிகமாகப் பதில் சொல்கிறேன்.

நான் துத்தநாக டை காஸ்டிங்கில், அதாவது உருக்கிய துத்தநாகத்தை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் தொழிலில், இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். கோயம்புத்தூரில் தொடங்கி, அப்புறம் ஒன்பது வருடம் நூரம்பர்க் பக்கம். பொம்மைக் கார் பைத்தியம் அங்கே பிடித்ததுதான். அதனால் உலோகத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். விலையைப் பற்றிச் சொல்வதைப் பாதி நம்புங்கள், அதுவும் படம் பார்க்காமல் சொல்வதைக் கால்வாசி.

நூரம்பர்க்கில் வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் செப்டம்பரும், பழைய நகரத் தெருக்களில் ட்ரெம்பல்மார்க்ட் என்று ஒரு பழைய சாமான் சந்தை கூடும். முதல் தடவை விடியும் முன் போனேன். எல்லார் கையிலும் டார்ச். ஒரு மேசையில் சிவப்பு ஷூக்கோ ஒன்றைப் பார்த்து, எடுத்து, திருப்பித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கிழவர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, குப்புறக் கவிழ்த்து, டார்ச்சை அடித்தார். "முதலில் அடி, அப்புறம்தான் மேல்" என்றார். அடித்தகட்டில் ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூ பளபளத்தது. யாரோ கழற்றி, புதுசாகப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். அன்று வாங்காமல் வந்தேன். இன்றுவரை எந்தக் காரை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன்.

உங்கள் ஒன்பதையும் அப்படிக் கவிழ்த்து வையுங்கள். எட்டில் 'மேட் இன் வெஸ்டர்ன் ஜெர்மனி' என்றோ அதன் சுருக்கமோ இருக்கிறது, லாரியில் மட்டும் வெறும் ஜெர்மனி என்றிருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தை பெரிய விஷயம். போர் முடிந்து அமெரிக்கப் படையின் நிர்வாகத்தில் இருந்த பகுதிகளில் செய்த பொம்மைகளில் 'யு.எஸ். ஸோன் ஜெர்மனி' என்று அடித்தார்கள். நூரம்பர்க், ஃபூர்த், மெர்க்லின் என்ற பொம்மைக் கம்பெனியின் ஊரான கோப்பிங்கன் எல்லாம் அதற்குள் வரும். 1949இல் நாடு இரண்டான பிறகு மேற்கு ஜெர்மனி என்ற முத்திரை வந்து, 1990இல் மறுபடி ஒன்றாகும் வரை ஓடியது. ஆக வெஸ்டர்ன் என்றிருந்தால் அந்த நாற்பது வருடத்துக்குள். இது உறுதி. வெறும் ஜெர்மனி என்றிருந்தால் போருக்கு முந்தியதாகவும் இருக்கலாம், 1990க்குப் பிந்தியதாகவும் இருக்கலாம், நடுவில் யாரோ வெஸ்டர்னை விட்டுவிட்டதாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பெட்டி இருந்தால் வேலை இன்னும் சுலபம். உங்களிடம் இரண்டு ஸீக்கு பெட்டி இருக்கிறதே, அதில் கம்பெனி முகவரியைத் தேடுங்கள். மேற்கு ஜெர்மனியில் 1960களின் தொடக்கத்தில் நாலு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. 1993 ஜூலையில் அது ஐந்து இலக்கமானது. ஐந்து இலக்கம் தெரிந்தால் அந்தப் பெட்டி உங்கள் அப்பாவின் காலத்தது இல்லை. பார்கோடு இருந்தால் 1970களின் கடைசிக்குப் பிறகு. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை இருந்தால் 1990க்குப் பிறகு. புதுப் பெட்டிக்குள் பழைய காரை வைத்து விற்பவர்களை இந்த மூன்றே பிடித்துக் கொடுத்துவிடும். புற ஊதா டார்ச் அடித்து, அட்டை நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் போலி என்று சிலர் சொல்வார்கள். போருக்கு முந்திய பெட்டிக்கு அது சரி. காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனம் 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டதால் 1960களின் பெட்டிக்கு அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

இனி ஒவ்வொன்றாக. ஸீக்கு என்பது லூடன்ஷைட் ஊர்க் கம்பெனி. 1921இல் ரிஹார்ட் ஸீப்பர் தொடங்கியது. பெயரின் பாதி அவருடைய பெயர், மீதிப் பாதி ஜெர்மனில் பிளாஸ்டிக்கைக் குறிக்கும் வார்த்தை. பெயருக்கு ஏற்ப 1950களில் அவர்கள் செய்த கார்கள் பிளாஸ்டிக்தான். உலோகத்துக்கு மாறியது 1963இல். அதனால் உங்கள் நான்கும் உலோகம் என்றால் 1963க்கு முன் இருக்க வழியில்லை. சக்கரத்தைப் பாருங்கள். நிஜக் கார்போல ஒல்லியான சக்கரமா, அல்லது தரையில் விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் அகலச் சக்கரமா? 1968இல் அமெரிக்காவில் ஹாட் வீல்ஸ் வந்து எல்லார் பிழைப்பிலும் மண்ணைப் போட்டது. அதற்குப் பிறகுதான் ஐரோப்பியக் கம்பெனிகளும் மெல்லிய அச்சில் வேகச் சக்கரத்தை மாட்டத் தொடங்கின. ஒல்லிச் சக்கரம் என்றால் பேராசிரியர் குடும்பத்தின் கதையோடு கச்சிதமாகச் சேர்கிறது.

ஷூக்கோ நூரம்பர்க்கில் 1912இல் தொடங்கியது. ஹைன்ரிஹ் முல்லரும் ஹைன்ரிஹ் ஷ்ரையரும் கூட்டாளிகள். ஷ்ரையர் அண்ட் கம்பெனி என்பதைச் சுருக்கினால் ஷூக்கோ. அவர்களுடைய புகழெல்லாம் சாவி கொடுத்தால் ஓடும் தகர பொம்மையில். மேசை விளிம்பு வரை போய், கீழே விழாமல் தானே திரும்பி வரும் கார் அவர்களுடையதுதான். உங்களிடம் இருக்கும் சாவிக் கார் மைக்ரோ ரேசர் வரிசை என்று நினைக்கிறேன். 1950களில் வந்தது. அதற்கு உடம்பு தகரம் இல்லை, துத்தநாக வார்ப்பு, உள்ளே கடிகார எந்திரம். முன்சக்கரத்தை வளைத்து வைத்தால் வட்டமடிக்கும். சாவி பல வருடம் கொடுக்காமல் கிடந்தால் ஸ்பிரிங்கில் கிரீஸ் பசையாக உறைந்திருக்கும். முழுச் சாவி கொடுக்காதீர்கள். அரைச் சுற்று, விடுங்கள், மறுபடி அரைச் சுற்று. ஓடவில்லை என்றால் கடிகார ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்தால் அன்றைக்கு ஓடும், அடுத்த வருடம் மொத்தமாக இறுகிவிடும்.

பிக்கலோ இரண்டும்தான் எனக்குக் கொஞ்சம் பொறாமை தருபவை. 1:90 அளவு, அதாவது நிஜக் காரில் தொண்ணூறில் ஒரு பங்கு நீளம், உள்ளங்கையில் நாலு நிற்கும். ஆனால் உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி வார்ப்பு. ஜன்னல் இல்லை, கதவு திறக்காது. கையில் எடுத்தால் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம். கூழாங்கல்லைக் கையில் வைத்த மாதிரி இருக்கும். ஒரு வார்ப்புக்காரன் கண்ணுக்கு அது தைரியமான வேலை. பொதுவாக நாங்கள் சுவரை மெலிதாக்கத்தான் பாடுபடுவோம். தடித்த வார்ப்பு உள்ளே இறுகும்போது சுருங்கிக் குழி விழும். எனவே பழைய பிக்கலோவின் முதுகில் லேசான பள்ளம் இருந்தால் அடிபட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இவை முதலில் வந்தது 1950களின் பிற்பகுதியில். இங்கே ஒரு எச்சரிக்கை. ஷூக்கோ 1976இல் திவாலாகி, ஒரு பிரிட்டிஷ் குழுமத்திடம் போய், 1980இல் ஃபூர்த் ஊரின் காமா கம்பெனியிடம் வந்து, பின்னால் இன்னும் கை மாறியது. 1990களிலிருந்து பிக்கலோவை மறுபடி நிறையத் தயாரித்தார்கள். அவையும் நல்ல பொம்மைகள்தான், என்னிடமே ஏழெட்டு இருக்கின்றன. ஆனால் பழசின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. இதே ஷூக்கோவின் 1:66 வரிசை பிரேசிலில் ரெய் என்ற கம்பெனியின் பெயரோடும் வந்தது. உருவம் அதேதான், அடியில் மட்டும் ஊர் வேறு. மறுபடியும் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

காமா என்பது கேயார்க் ஆடம் மங்கோல்ட் என்ற பெயரின் சுருக்கம். நல்ல திடமான, ஆனால் இன்னும் அதிகம் பேர் தேடாத கார்கள். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் கை காட்டுவது காமாவைத்தான்.

சரி, அந்தச் சாம்பல் நிற லாரிக்கு வருகிறேன். பெயின்ட் ஆமை ஓடுபோல வெடித்திருக்கிறது, மேல்பாகம் அடித்தகட்டைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி இருக்கிறது, தொட்டால் ஓரம் பிஸ்கட்போல உதிர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு ஜெர்மனில் துத்தநாகக் கொள்ளைநோய் என்றே பெயர். நோய் என்ற பெயரால் ஒரு தப்பபிப்பிராயமும் பரவியிருக்கிறது, பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்று. தொற்றாது. இது வெளியிலிருந்து வருவதில்லை, வார்த்த அன்றே உள்ளே இருந்தது. துத்தநாகத்தோடு சுமார் நாலு சதவீதம் அலுமினியம் சேர்த்து வார்ப்போம். அதில் ஈயம், தகரம் என்கிற வெள்ளீயம், காட்மியம் இவற்றில் ஒன்று துளி அதிகமாகக் கலந்துவிட்டால் போதும். ஈயத்துக்கு எங்கள் கணக்கில் எல்லையே 0.005 சதவீதம்தான். உலோகத்தை உருக்கும் கடாயில் ஈயம் கலந்த ஒரு பழைய சாலிடர் துண்டு விழுந்தால்கூட அந்தக் கடாய் முழுக்க அவுட். அந்தக் கலப்படம் உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் அந்த இடுக்கு வழியே அரித்துக்கொண்டே போகும். அரித்த இடம் ஊதும். ஊதுவதால் வெடிக்கும்.

1929இல் அமெரிக்காவில் ஸமாக் என்ற கலவை வந்த பிறகுதான், மிகச் சுத்தமான துத்தநாகத்தை வைத்து இதைத் தவிர்க்க வழி பிறந்தது. ஸமாக் என்ற பெயரே துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் எழுத்துகள். வழி தெரிந்தும் எல்லாப் பட்டறையும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. பொம்மைதானே என்று கழிவு உலோகத்தைப் போட்டு வார்த்தவர்கள் நிறைய. அதனால் போருக்கு முந்திய வார்ப்புகளில் இந்த நோய் சகஜம், 1960களின் வார்ப்புகளில் குறைவு. மெர்க்லின் 1930களிலேயே வார்ப்பு வண்டிகள் செய்தது. வெறும் ஜெர்மனி முத்திரையையும் இந்த விரிசலையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் லாரி மற்ற எட்டுக்கும் ஒரு தலைமுறை மூத்தது என்பது என் ஊகம். பேராசிரியர் சிறுவனாக இருந்தபோது விளையாடியதாக இருக்கலாம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து இல்லை. பசை ஊற்றி நிறுத்தலாம், வார்னிஷ் பூசி நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகத்தைத்தான் குறைக்க முடியும். எங்கள் தொழிலில் ஒரு வார்ப்பு தேறுமா என்று பார்க்க 95 டிகிரி நீராவியில் பத்து நாள் வைத்துச் சோதிப்பார்கள். பல வருடத்தில் வர வேண்டிய விரிசல் பத்து நாளில் வந்துவிடும். சென்னை ஒன்றும் 95 டிகிரி இல்லை, ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம் என்பது அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. மாடிப் பரணில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டிய ஷோகேஸும் வேண்டாம். வீட்டின் உள் அறையில், மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பொட்டலத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காயவைக்க மறந்தால் வைத்ததில் பயனில்லை. லாரியைத் தனி டப்பாவில், கவனமாகக் கையாண்டு வையுங்கள். தொற்றும் என்பதற்காக இல்லை, உதிர்வது மற்றதைக் கீறக் கூடாது என்பதற்காக.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மற்ற கார்களின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது இந்த நோய் அல்ல, மேலோட்டமான துரு. மெல்லிய பிரஷால் துடைத்தால் போய்விடும். நோய் என்றால் உருவமே மாறும். அடித்தகட்டின்மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், வாழைப்பழம்போல வளைந்திருந்தால் கவலைப்படலாம். அறுபது வருடமாக நேராக இருக்கும் வார்ப்பு இனிமேல் வளைவது அபூர்வம் என்பது சேகரிப்பவர்களின் அனுபவக் கணக்கு. விதி என்று சொல்ல மாட்டேன்.

சுத்தம் செய்வதில் நம் வீட்டுப் பழக்கங்கள்தான் எதிரி. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியோ எலுமிச்சையோ போட்டுவிடாதீர்கள். அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். காஸ்டிக் சோடாவும் தின்னும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒரு காமா டாக்ஸியின் பெயின்டை உரிக்க அதை ராத்திரி முழுக்கக் காஸ்டிக் கரைசலில் போட்டுத் தூங்கினேன். காலையில் பெயின்ட் போயிருந்தது. கூடவே கதவுக் கைப்பிடியும், முன்கிரில்லின் கோடுகளும் போயிருந்தன. துத்தநாகத்தை வைத்துச் சோறு தின்பவன் செய்த வேலை! இன்றும் அது என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி ஜன்னல் பிளாஸ்டிக்கை மங்கவைத்து இளக்கிவிடும். ஸ்பாஞ்சில் பொதிந்து வைத்தால் சில வருடத்தில் அது பிசுபிசுத்துப் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், பபிள் ராப் வட்ட வட்டமாகத் தழும்பு போடும். அமிலம் இல்லாத டிஷ்யூ காகிதமோ, துவைத்துத் துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துண்டோ போதும். வாட்டர் கலர் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு, ஸ்டிக்கர் இருக்கும் இடத்தைத் தவிர்த்துத் துடைப்பது, அவ்வளவுதான். சாவிக் காருக்குத் தண்ணீரே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, வீட்டுக் குழந்தைகள் வாயில் வைக்கவிடாதீர்கள்.

பெயின்ட் அடிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அடிக்காதீர்கள். உதிர்ந்த அசல் பெயின்டுக்கு வாங்குபவர் உண்டு, அழகாக அடித்த புதுப் பெயின்டுக்கு அவ்வளவாக இல்லை. டயர் உருகிப்போயிருந்தால் புது டயர் போடலாம், அதைத் திரும்பக் கழற்ற முடியும். பழைய டயரை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

விலைக்கு வருவோம். ஜெர்மனியில் விளையாடித் தேய்ந்த சாதாரண ஸீக்குகள் சந்தையில் சில யூரோவுக்குக் கிடைக்கும். அதே கார் பெட்டியோடு, அபூர்வ நிறத்தில் இருந்தால் பல மடங்கு. சில சமயம் வெறும் பெட்டிக்குக் காரைவிட அதிகம் கொடுப்பார்கள். இணையத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். உங்கள் ஒன்பதில் பணம் இருப்பது அநேகமாக மைக்ரோ ரேசரிலும் பெட்டியோடு இருக்கும் இரண்டு ஸீக்குகளிலும். லாரிக்கு அந்த நிலையில் சந்தை இல்லை. இதை முதலீடு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. சிறுவயதில் இவற்றோடு விளையாடிய தலைமுறைதான் பெரிய விலை கொடுத்து வாங்கியது, அவர்களுக்கு வயதாகி அவர்களுடைய அலமாரிகளே இப்போது சந்தைக்கு வருகின்றன. மேலும் சேர்க்க ஆசை என்றால் ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாங்கினால் கடை மாதிரி ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் சுங்க வரியைக் கணக்குப் போடுங்கள். பொம்மைகளுக்கு 2020இல் 60 சதவீதமாகவும் 2023இல் 70 சதவீதமாகவும் ஏற்றினார்கள். பத்து யூரோ கார் வீட்டு வாசலுக்கு வரும்போது அதன் விலை வேறு. ஜெர்மனியில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் சந்தைக்குப் போகச் சொல்வது உத்தமம். டார்ச் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு ஸீக்குவின் அடியில் பால்பாயின்ட் பேனாவால் குழந்தைக் கையெழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது, ஸ்பிரிட் போட்டு அழித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். விற்பதாக இருந்தால் அந்த மை விலையைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனாலும் அழிக்காதீர்கள். கார்கள் எங்கிருந்து வந்தன என்று உங்களிடம் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். அப்பாவுக்கு அந்தக் குடும்பத்தின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எழுதிய பையனுக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும்.